7 மாத ராட்வீலரைச் சொன்னதும் பாய்கிற மாதிரி இப்போதே பழக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பெருந்துறை பக்கம் தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், உங்களுக்கு வேலை பெங்களூரில், காவலுக்கு என்று வாங்கிவிட்ட ராட்வீலருக்கு 7 மாதம் ஆகிறது, "பிடி" என்றால் பாய்ந்து பிடிக்க வேண்டும், அதை இப்போதே பழக்கலாமா, யாரிடம் கொண்டுபோய் விடலாம்.

இப்போது வேண்டாம். யாரிடமும் கொண்டுபோய் விடவும் வேண்டாம். இந்த வயதில் குரைக்கவும் குரைப்பதை நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள், அதையும் நீங்கள் கற்றுக்கொடுக்காதீர்கள், உங்கள் அம்மாவோ அப்பாவோ கற்றுக்கொடுக்கட்டும். கடிக்கிற பயிற்சி எல்லாம் ஒன்றரை வயதுக்கு மேல் யோசிக்க வேண்டிய விஷயம், அப்போதும் பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவைப்படாது.

நான் பயிற்சியாளர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் அங்கே, நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் போவேன். எங்களிடமும் ராட்வீலர்தான், பெட்டை, ராணி என்று பெயர், மூன்று வயது தாண்டிவிட்டது. கிணற்று மோட்டார் ஒயரை ராத்திரியில் அறுத்துக்கொண்டு போனபோதுதான் வாங்கினோம். அப்புறம் 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள், 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதியைக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி. அந்தச் செய்தி வந்த ராத்திரிகளில் நான் தூங்கவில்லை, நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். கூடவே சொந்தக்காரர்கள் வேறு, "பெத்தவங்களக் காட்டுல விட்டுட்டு டவுன்ல இருக்கறீங்களே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் நம்மைப் போன்றவர்கள் இருப்பதிலேயே பெரிய நாயாக வாங்கி, இருப்பதிலேயே கடுமையான பயிற்சி எங்கே என்று தேடுகிறோம். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ராணிக்கு எட்டு மாதம் இருக்கும்போது, "அட்டாக் டிரெய்னிங்" கொடுப்பதாகச் சொன்ன ஒருவரை வரவழைத்தோம். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு சாட்டையோடு வந்தார். ராணியை வேப்பமரத்தில் கட்டச் சொன்னார். எதிரே நின்று சாட்டையைத் தரையில் சொடுக்கிக் கத்திக்கொண்டே முன்னால் போனார். ராணி வாலைக் காலுக்குள் இடுக்கி, காதைத் தலையோடு ஒட்டிக்கொண்டு, சங்கிலி விட்ட மட்டும் பின்னால் போனது. அதற்கு மேல் போக இடமில்லை என்றானதும் பல்லைக் காட்டி அந்தச் சாக்கில் ஒரு கடி, உடனே வாயை எடுத்துவிட்டு மறுபடியும் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பி எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா, கோபம் வந்துருச்சு" என்றார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "ஏனுங்க, அது பயந்துபோய்க் கடிக்குது. போதும், அவுத்து விடுங்க" என்று சொல்லிவிட்டார். காலம் பூராவும் மாட்டோடு இருந்தவருக்கு, மிரண்ட மாடு எது, முட்ட வருகிற மாடு எது என்று தெரியாதா. பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அம்மா சொன்னதுதான் சரி என்பது அப்புறம் விசாரித்தபோது தெரிந்தது. பெரிய இன நாய்க்கு உடம்பு முதலில் வளர்ந்துவிடும், மனசு நிதானமாகத்தான் வளரும். 7 மாதத்தில் பார்க்க முக்கால் நாய் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே குட்டிதான். ஏறக்குறைய ஆறு மாதத்தில் இருந்து ஒரு வயது தாண்டும்வரை, பழகிய பொருளைப் பார்த்தே திடீரென்று மிரளும். ராணி ஒரு நாள் கொடியில் காய்ந்த அப்பாவின் மழைக்கோட்டைப் பார்த்து அரை மணி நேரம் குரைத்தது. அந்த வயதில் ஒரு ஆள் கம்போடு வந்து பயமுறுத்தினால், "மனுஷன் கிட்டே வந்தால் கடித்துவிடு, போய்விடுவான்" என்பதுதான் அதன் மண்டையில் ஏறும். அது திருடனுக்கும் பொருந்தும், பேப்பர் போடும் பையனுக்கும் பொருந்தும், உங்கள் அக்கா குழந்தைக்கும் பொருந்தும். எலும்பு மூட்டு விஷயமும் உண்டு, ஒரு வயது தாண்டும்வரை வளர்ச்சி முடியாத எலும்பு, இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வேறு அதிகம், குதித்து இழுத்துத் தொங்குகிற வேலையை இப்போது கொடுக்கக் கூடாது.

இந்த இனம் பிறந்த ஜெர்மனியில், காவல் பயிற்சியையே ஒரு போட்டியாக வைத்திருக்கிறார்கள். ஐஜிபி என்று பெயர், முன்பு ஷுட்ஸ்ஹுண்ட் என்பார்கள். அதில் கீழ்ப்படிதல் தேர்வில் தேறாத நாயைக் கடிக்கிற தேர்வுக்கே விடுவதில்லை, முதல் நிலைக்கே 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஒளிந்திருக்கிற ஆளை நாய் கண்டுபிடிக்கும், அவன் அசையாமல் நின்றால் கடிக்கக் கூடாது, முன்னால் நின்று குரைக்க மட்டும்தான் வேண்டும். அவன் ஓடினாலோ தாக்கினாலோதான் பிடிக்கும், விடு என்றதும் விட வேண்டும். விடாத நாய்க்கு மதிப்பெண் போய்விடும். காவல் நாயை உருவாக்கியவர்களே நிறுத்துவதற்குத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். காவல்துறை நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சொல்லிக் கொடுத்த முறை இது, செய்தது முழுக்க அம்மா.

முதலில் குரைக்க வைப்பது. சாப்பாட்டுக்கு முந்தின நேரம், நாய்க்குப் பசி இருக்க வேண்டும். கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, வேகவைத்த கோழித் துண்டை மூக்கில் காட்டி எட்டாத தூரத்தில் நின்றுகொள்ள வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது, பேசக் கூடாது. உட்காரும், கை கொடுக்கும், முனகும், கடைசியில் பொறுக்காமல் ஒரு குரை வரும். அந்த நொடியே துண்டு வாய்க்குப் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் அதற்கு விஷயம் புரிந்துவிடும். அப்புறம்தான் சொல்லைச் சேர்ப்பது. அம்மா வைத்த சொல் "பாரு". "பாரு" என்றால் குரைக்கும், ஒன்று, இரண்டு, பிறகு விடாமல்.

அடுத்தது நிறுத்துவது, இதுதான் அதிக நாள் எடுக்கும். குரைத்துக்கொண்டிருக்கும்போதே துண்டை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனால் மோந்து பார்க்கும், மோந்து பார்த்துக்கொண்டே குரைக்க முடியாது. அந்த அமைதியில் "போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அமைதியாக நிற்கிற நேரத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டும். அம்மா கத்தவே மாட்டார், பேசுகிற குரலிலேயே "போதும் ராணி" என்பார். கத்திப் பழக்கினால் கத்தினால்தான் கேட்கும், திருடன் வருகிற நேரத்தில் வயசானவர்களுக்குத் தொண்டையே வராது.

இந்த இரண்டும் வந்தபின் வாசலுக்குக் கொண்டுபோனோம். கேட்டுக்கு வெளியே பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நிற்பார், அம்மா உள்ளே இருந்து "பாரு" என்பார், ராணி குரைக்கும், அவர் உடனே போய்விடுவார். தான் குரைத்ததால் ஆள் போனான் என்று நாய்க்குத் தோன்ற வேண்டும், தைரியம் அப்படித்தான் வளரும். அதே ஆள் அடுத்த முறை வரும்போது அம்மா "போதும்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிடுவார், ராணி ஓரமாகப் போய்ப் படுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார்கள். யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்பதை நாய் முடிவு செய்யக் கூடாது, அம்மா முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம், அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம், பைக்கில் இரண்டு பேர் வந்து பழைய மோட்டார், இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்ற பிறகும் போகவில்லை, தண்ணீர் வேண்டும் என்று ஒருவன் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறான். அம்மா திண்ணையில் இருந்தபடியே "ராணி, பாரு" என்றார். திண்ணைக்குப் பின்னால் படுத்திருந்தது எழுந்து வந்து கேட்டுக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி நின்று குரைத்த குரையில், கை தானாக வெளியே போய்விட்டது. வண்டி கிளம்பி ரோட்டுக்குப் போகிறவரை விடவில்லை. அம்மா "போதும்" என்றதும் வந்து காலடியில் படுத்துக்கொண்டது. அவர்கள் நிஜமாகவே பழைய இரும்பு வாங்குகிறவர்களாகவும் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சொன்னதும் பாய்கிற நாயாக இருந்திருந்தால்?

"குரைக்கிற நாய் கடிக்காது, அது திருடனுக்கும் தெரியும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். வருகிறவன் சத்தமில்லாத வீட்டைத்தான் தேடி வருகிறான். நாய் குரைத்தால் விளக்குப் போட, கிரில் கதவைப் பூட்ட, பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் செய்ய நேரம் கிடைக்கும், தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு வேண்டியது அந்த நேரம்தான். போலீஸ் நாய் பாய்கிறதே என்பார்கள். போலீஸ் நாயோடு அதைக் கையாள்கிறவரும் சேர்ந்தே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார், தினமும் கூடவே இருக்கிறார். நீங்கள் ஒரு கென்னலில் விட்டு எடுத்துவந்தால் அது அந்த மாஸ்டர் பேச்சைக் கேட்கும். வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோ வரும், அதை உங்கள் அம்மா எந்தக் கையால் பிடித்து நிறுத்துவார்?

ராத்திரி நாயை மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போடாதீர்கள். பெரியவர்கள் படுக்கிற இடத்தை ஒட்டி, கிரில்லுக்கு உள்ளே விடுங்கள். வெளியே கட்டின நாய்க்கு விஷம் வைத்த கறியைத் தூக்கிப் போடுவது ரொம்பச் சுலபம். வெளியாள் போடுகிற எதையும் தொடாமல் இருக்கவும் பழக்க வேண்டும்: கயிற்றில் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரை விட்டு பிஸ்கட் வீசச் சொல்லி, "வேண்டாம்" என்று நிறுத்தி, நிறுத்தியதற்குத் தன் கையால் அதைவிட நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டும். பலருடைய கையால், பல இடத்தில் செய்ய வேண்டும். அப்படியும் முழுசாக நம்ப முடியாது, அதனால்தான் கிரில்லுக்கு உள்ளே என்கிறேன். பகலெல்லாம் கட்டியே வைத்தால் ரோஷம் வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், வருவது கிறுக்குத்தான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் நாய் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை பக்கமெல்லாம் பட்டியில் புகுந்து தெருநாய்கள் ஆடு கடித்துக் கொல்வது சில வருஷமாக நடக்கிறது, செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்து, இழப்பீடு கேட்டு அலையாத ஊர் இல்லை. எங்கள் பட்டியிலும் ஒரு ராத்திரியில் போயிற்று. மனுக் கொடுக்கப் போன அலுவலகத்தில் ஒருவர், "உங்க வீட்லயே பெரிய நாய் இருக்குதாமே" என்று கேட்டார். ராணி அந்த ராத்திரி கிரில்லுக்கு உள்ளே குரைத்ததால்தான் அப்பா எழுந்து போய் மிச்ச ஆடுகளைக் காப்பாற்றினார். குட்டியில் இருந்தே ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்த நாய் அது. நல்லபடியாக வளர்க்கிறவன் மேல் பழி போடுவது சுலபம், குப்பையும் கோழிக்கழிவும் கொட்டி நாய்க்கூட்டத்தைப் பெருக்குகிறவனைக் கேட்க ஆளில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாயால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் 5 வயதுக் குழந்தையைக் குதறியபோது நாய் வளர்த்தவரைக் கைது செய்தார்கள். அந்த நாய்களை யாரும் ஏவிவிடவில்லை. ஏவிவிடப் பழக்கிய நாய் என்றால் உங்கள் நிலைமை என்ன என்று யோசியுங்கள். வழக்கு வந்தால் நிற்கப்போவது பெங்களூரில் இருக்கிற நீங்கள் இல்லை, உங்கள் அப்பா.

ஒன்றரை வயதுக்கு மேல், "பாரு", "போதும்", "வா", "இரு" எல்லாம் அம்மா வாயில் இருந்து வந்தாலே கேட்கிற நாயாகிவிட்டது, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் பயிற்சியாளரைத் தேடுங்கள். வருகிறவரிடம் அவர் நாயைக் கடிக்க வைத்துக் காட்டச் சொல்லாதீர்கள், கடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே சொல்லில் விட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடித்து விடுவித்தாலோ, கழுத்துச் சங்கிலியை இழுத்து விடுவித்தாலோ, அவரை அனுப்பிவிடுங்கள். அதுவரை கேட்டில் ஒரு "நாய் ஜாக்கிரதை" பலகை மாட்டுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கோழித் துண்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.