போனில் சொல்வதை எழுதுங்கள்: இணையத்தில் கடை நடத்துபவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

எண்ணெய், புடவை, மசாலா, தின்பண்டம் என்று இணையத்தில் விற்பவர்களுக்குப் பல வருடங்களாகக் கட்டுரை எழுதித் தருகிறேன். விளம்பரத்துக்குக் காசு கொட்ட முடியாத சின்னக் கடைகளுக்குக் கட்டுரைதான் கைகொடுக்கும் என்று நம்புகிறவள் நான். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (காங்கேயம் பக்கம், மரச்செக்கு எண்ணெய்): அக்கா, எனக்கு எண்ணெய் ஆட்டத் தெரியும், எழுத வராது. எதைப் பற்றி எழுதுவது என்பதே பிடிபடவில்லை.

தம்பி, முதலில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறங்கள். கடைசி ஒரு மாதத்தில் வாங்கியவர்களும் வாங்காமல் போனவர்களும் கேட்டதையெல்லாம் அவர்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். "தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சு, கலப்படமா?", "நல்லெண்ணெய்ல கருப்பட்டி எதுக்குப் போடுறீங்க?", "பாட்டில் அடியில கசடு நிக்குதே?", "கடையில விக்கிற விலைக்கும் உங்க விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" இதில் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. இதே கேள்வியைத்தான் உங்களைத் தெரியாத இன்னொருவர் கூகுளில் தட்டிக்கொண்டிருப்பார்.

உறையும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் எண்ணெய்க் கடை ஒன்றில் மார்கழி வந்தால் போன் ஓயாது, பாதிப் பேர் பாட்டிலைத் திருப்பி அனுப்பவே தயாராக இருந்தார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கிவிடும், அது அதன் இயல்பு. இதை ஒரு கட்டுரையாக்கி, விடிகாலையில் வெள்ளையாக இறுகிப்போன பாட்டிலையும் வெயிலில் வைத்த பிறகு தெளிந்த அதே பாட்டிலையும் படம் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். கூடவே வீட்டிலேயே பார்க்கும் சோதனை ஒன்றையும் சொன்னோம்: கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, ஒன்றரை மணி நேரம் வைத்தால் தேங்காய் எண்ணெய் முழுக்க உறையும், வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டிருக்கும் கையேட்டிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. அடுத்த மார்கழியில் போன் செய்தவர்களுக்கு அந்த இணைப்பை அனுப்பினால் போதுமாக இருந்தது. அதைவிட, கூகுளில் அதைத் தேடி வந்தவர்களில் சிலர் அப்படியே ஆர்டரும் போட்டார்கள்.

விலைக் கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் எழுதுங்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் பிடிக்கும், எள்ளைப் பொறுத்துக் கூடும் குறையும். உங்கள் செக்கில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, எள் விலை, ஆட்டுக்கூலி, பாட்டில், கூரியர் என்று கணக்கை அப்படியே போடுங்கள். எழுத வரவில்லை என்றால் போனில் ரெக்கார்டரைப் போட்டு, வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொல்லி, பிறகு யாரையாவது தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். நன்றாகவே வரும்.

கேள்வி (மதுரை, சுங்குடிப் புடவை): நான் எழுதியது இது: "எங்கள் சுங்குடிப் புடவைகள் உயர்ந்த தரமும் பாரம்பரிய அழகும் கொண்டவை. அனைத்து வயதினருக்கும் ஏற்றவை." யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. எங்கே தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இதில் உங்கள் கடை இல்லை. "சுங்குடி"யை எடுத்துவிட்டு "பட்டு" என்று போட்டாலும் இந்த வரிகள் பொருந்தும், "செருப்பு" என்று போட்டால்கூடப் பொருந்தும். உங்கள் கையில் இருக்கும் புடவையைப் பார்த்து எழுதுங்கள். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில் எந்த இரண்டு புள்ளியும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருக்காது. முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும், விரலால் தடவினால் தெரியும். ஒரே அளவில், ஒரே வட்டத்தில், தடவினால் வழவழவென்று இருந்தால் அது பிரிண்ட். எங்களிடம் இரண்டும் இருக்கிறது. விலை வேறு, அதனால் எது எது என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருக்கிறோம்."

"எங்களிடம் இரண்டும் இருக்கிறது" என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உங்கள் மேல் நம்பிக்கை வருவதே அங்கேதான். சாயம் போகுமா என்ற கேள்விக்கும் நேரடியாகவே எழுதுங்கள்: அடர் நிறங்களில் முதல் இரண்டு மூன்று தண்ணீருக்குச் சாயம் இறங்கும், தனியாக உப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள் என்று. பயந்து வாங்காமல் போகிறவர் ஒருவர் இருந்தால், தெரிந்தே வாங்கித் திருப்பி அனுப்பாமல் இருப்பவர் பலர்.

கேள்வி (சேலம்): மாதம் 50 கட்டுரை எழுதி 200 தளங்களில் போட்டுத் தருகிறேன், கூகுளில் முதலிடம் வரும் என்று சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். 2010 வரைக்கும் இது ஓடியது. ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி மாற்றிக் யார் வேண்டுமானாலும் கட்டுரை போடக்கூடிய கிடங்குத் தளங்களில் குவித்து, அடியில் கடையின் இணைப்பைச் செருகுவார்கள். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் 2011 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றத்தில் அந்தக் கிடங்குகள் சரிந்தன, 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற அடுத்த மாற்றம், செயற்கையாகக் கட்டிய இணைப்புகளைக் குறிவைத்தது. இத்தனை வருடம் கழித்தும் அதையே விற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் வருத்தம். அந்தப் பணத்தில் உங்கள் பொருளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

கேள்வி (சிவகாசி): கட்டுரை எத்தனை வார்த்தை இருக்க வேண்டும்?

இத்தனை வார்த்தை வேண்டும் என்று ஒரு கணக்கு தன்னிடம் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. கேள்விக்குப் பதில் முடிந்ததும் நிறுத்துங்கள்.

கேள்வி (கோவை, மசாலாப் பொடி): தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா? பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்களே?

யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் எந்த மொழியில் விசாரிக்கிறாரோ அதில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழிலேயே இருக்கட்டும், ஆனால் பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழ் எழுத்தில் முகவரி வைத்தால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நான்கு வரிக்கு நீண்டுவிடும், பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார்.

அப்புறம், ஊர்ப் பேச்சு. நீங்கள் "எள் எண்ணெய்" என்று எழுதுவீர்கள், வாங்குபவர் "நல்லெண்ணெய்" என்று தேடுவார். "மிளகாய்த்தூள்" என்பார் ஒருவர், "மிளகாப்பொடி" என்பார் இன்னொருவர். இதை ஊகிக்க வேண்டியதில்லை. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் எந்தச் சொல்லைத் தட்டி உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் அதோடு உட்காருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், பாரம்பரிய அரிசி): அண்ணன் ஒருவர் "இந்த அரிசியால் சர்க்கரை நோய் அடியோடு தீரும்" என்று தலைப்பு வைக்கச் சொல்கிறார். அப்படி வைத்தால்தான் விற்குமாம்.

வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சட்டமும் விடாது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது, உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கட்டுரைதானே, விளம்பரம் இல்லையே என்று தப்பிக்கவும் முடியாது, உங்கள் பொருளை விற்க எழுதியது விளம்பரம்தான்.

சொல்ல உங்களிடம் வேறு எவ்வளவோ இருக்கிறது. கருப்பு கவுனியை எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும், குக்கரில் எத்தனை விசில், வடித்த கஞ்சி என்ன நிறத்தில் இருக்கும், இட்லி மாவில் எவ்வளவு சேர்த்தால் புளிக்கும்போது சரியாக வரும். வாங்கிய அரிசி வேகவே இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி): சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிப் போடலாமா?

எழுத்துப் பிழை திருத்த, வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தயாரித்தாலும் பயனுள்ளதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. ஆனால் தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பக்கம் பக்கமாகக் குவித்தால் அது விதிமீறல் என்று 2024 மார்ச்சில் அறிவித்தது. இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் முறுக்கு மழைக்காலத்தில் எத்தனை நாளில் நமுத்துப் போகும் என்று அதற்குத் தெரியாது, உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அதை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நான்கு மாதமாக எழுதுகிறேன், படிக்கிறார்கள், ஆனால் ஆர்டர் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தை என் போனில் திறந்து பார்த்தேன். நேந்திரம் சிப்ஸ் பற்றி அருமையாக எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்குவத்தில் காயைச் சீவ வேண்டும் என்ற இடத்தில் எனக்கே நாக்கு ஊறியது. ஆனால் படித்து முடித்தால் கீழே வெறும் வெள்ளை. விலை இல்லை, எங்கே வாங்குவது என்று இல்லை, ஆர்டர் பட்டனைத் தேடி முகப்புப் பக்கத்துக்குப் போய், மெனுவைத் திறந்து, மூன்றாவது இடத்தில் கண்டுபிடித்தேன். வாடிக்கையாளர் அவ்வளவு தூரம் வர மாட்டார். அந்தச் சீவும் பத்திக்குக் கீழேயே கால் கிலோ பாக்கெட்டின் படம், விலை, கூரியர் செலவு, எத்தனை நாளில் வந்து சேரும், வாட்ஸ்அப்பில் கேட்க ஒரு பட்டன், இவ்வளவையும் வையுங்கள். எழுதியதை மாற்ற வேண்டாம். ஒரு மாதம் விட்டுத் திரும்ப எழுதுங்கள், பார்க்கிறேன்.