35,000 சம்பளத்தை விட்டு 60,000-க்குப் பெங்களூரு போகலாமா?

கேட்டவர் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆர்டரை ஷிப்மென்ட் வரை கவனிப்பவர். நாலரை வருட சர்வீஸ், 35,000 சம்பளம், 25 லட்சம் வீட்டுக் கடன், மூன்று வயதில் ஒரு பையன். பெங்களூரு பையிங் ஹவுஸ் (வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கே ஆடை வாங்கித் தரும் கம்பெனி) ஒன்று 60,000 தருவதாகச் சொல்கிறதாம்.

அச்சு அசலாக இதே இடத்தில் 2018-ல் நான் நின்றேன். போனேன், ஒன்றரை வருடத்தில் திரும்பியும் வந்தேன். போனது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. போன விதம்தான் தப்பு.

திருப்பூரில் அப்போது கைக்கு வந்தது 29,000. அங்கே 50,000. மாதம் 21,000 கூடுதல் என்று மனசுக்குள் வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன். என் கணவருக்கு இங்கே நான்கு நிட்டிங் மெஷின், ஜாப் ஒர்க் (கூலிக்குத் துணி பின்னிக் கொடுப்பது). அதை விட்டுவிட்டு அவர் வர முடியாது. மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன்.

பொம்மனஹள்ளியில் வீடு. வாடகை 15,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது ஒன்றரை லட்சம். பெங்களூரில் அப்போது அதுதான் வழக்கம். நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். புது ஆபீஸில் பதினைந்து பேர்தான் என்பதால் பி.எஃப். கிடையாது. இரண்டு மாதம் கழித்து பழைய பி.எஃப்.-ஐ முழுசாக எடுத்தேன். ஐந்து வருட சர்வீஸ் நிரம்பாததால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அதைப் போட்டு நகையை மீட்டேன். 8 சதவீதத்துக்கு மேல் வட்டி வந்துகொண்டிருந்த பணம், வட்டியே இல்லாமல் வீட்டு ஓனரிடம் போய் உட்கார்ந்தது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை வேறு பிடித்துக்கொண்டார்.

அம்மா தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடமாட்டார், பின்பக்கத்தில் செலவு எழுதுவார். மூன்றாவது மாசம் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். வாடகை 15,000. பிளே ஸ்கூலும் வேனும் 6,000. நான் ஊருக்குப் போய்வருவதும் கணவர் பெங்களூரு வந்துபோவதும் சேர்த்து 3,000. "ஏங்கண்ணு, இருவதாயிரம் சாஸ்தி வருதுன்னியே, அது எங்க?" கூட்டிப் பார்த்தால் 24,000. மாதம் மூவாயிரம் கையை விட்டுப் போயிருந்தது. இரண்டு அடுப்பு எரிகிற செலவை அம்மா எழுதவே இல்லை.

நேரக் கணக்கு அதைவிட மோசம். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. பையர் (ஆர்டர் கொடுப்பவர்) அப்போதுதான் காபியும் கையுமாக வந்து உட்காருவார். அந்தக் கால் முடிந்து சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். திருப்பூரிலும் ஷிப்மென்ட் வாரத்தில் நள்ளிரவு ஆகும்தான். ஆனால் அது வாரக் கணக்கு. அங்கே தினமும்.

இவ்வளவையும் மிஞ்சி இன்றைக்கும் வயிறு எரிவது கிராஜுவிட்டிக்காக, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்காக. 2014 மார்ச்சில் சேர்ந்து 2018 ஜூனில் விட்டேன். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு அடிப்படைச் சம்பளம் 16,000. அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து வருடத்துக்குப் பெருக்கினால் 46,000 சொச்சம். ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். இதை எனக்குச் சொல்ல ஆளில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்கு இன்னும் ஆறே மாதம். சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், அந்தத் தொகையை ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள். வாயைத் திறந்து கேட்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பி.எஃப்.-ஐ எடுக்காதீர்கள். புது கம்பெனியில் பி.எஃப். இருந்தால் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளலாம். பி.எஃப்.-ஓடு வரும் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

இவ்வளவு நட்டத்துக்குப் பிறகும் போனது தப்பில்லை என்று ஏன் சொல்கிறேன்? திருப்பூரில் நான் செய்தது ஃபாலோ அப் மட்டும்தான். டையிங்குக்குப் போன் போடு, லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் வாங்கு, பேக்கிங் ஆகிவிட்டதா பார். ஒரு டி-ஷர்ட்டின் விலை எப்படி வருகிறது என்பது முதலாளிக்கும் அவர் மச்சானுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். பெங்களூரில் காஸ்டிங் ஷீட்டை என் கையில் கொடுத்தார்கள். நூல் விலை, துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை), நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்குவது), வேஸ்டேஜ், தையல் கூலி எல்லாம் சேர்த்து, பையர் பத்து சென்ட் குறைக்கச் சொன்னால் எதில் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்தது. 2020 ஜனவரியில் திருப்பூர் திரும்பியபோது 55,000 கொடுத்தார்கள். (மூன்றே மாதத்தில் ஊரடங்கு வந்தது, அது தனிக் கதை.)

அதனால் உங்களிடம் எனக்குள்ள கேள்வி, அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதுதான். இங்கே செய்யும் அதே ஃபாலோ அப் என்றால் 60,000 போதாது. காஸ்டிங்கோ சோர்சிங்கோ (எதை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்வது) என்றால், கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும் இரண்டு வருடத்துக்குப் போகலாம்.

கடனைப் பற்றி. 25 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் இ.எம்.ஐ. 21,700 பக்கம் வரும். மொத்த வட்டி மட்டும் 27 லட்சம். ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறும்) வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. அதற்காகக் கைக்காசை எல்லாம் கடனில் கொட்டிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது எங்கள் கம்பெனியில் ஆர்டர்கள் அப்படியே நின்றன. சம்பளம் இரண்டு தவணையாக வந்தது. ஆறு மாத இ.எம்.ஐ.-யை எஃப்.டி.-யில் போட்டு வைத்திருந்ததால் எனக்குத் தூக்கம் வந்தது. என் பக்கத்து சீட் பெண் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகில் வைத்தாள். பெங்களூரு போனாலும் இதே அமெரிக்க பையர்தான், அந்த ஆபத்து கூடவே வரும்.

அந்த 60,000 சி.டி.சி.-யா (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா? அதில் வேரியபிள் (கூடிக் குறையும் பகுதி) எவ்வளவு, பி.எஃப். உண்டா, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வரும்? விசாரித்து இங்கேயே எழுதுங்கள். இந்த ஞாயிறு எனக்கு ஷிப்மென்ட் இல்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.