அமுக்கரா, பூனைக்காலி சாப்பிட்டால் விந்தணு கூடுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கேள்வி இது: "விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 11 மில்லியன் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரண்டு மாதமாக அமுக்கரா சூரணம் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் பூனைக்காலியும் சேர்க்கச் சொல்கிறார். இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் உண்டா? மனைவிக்கு வயது 34."

ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது. அதை நம்பி எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்பதுதான் உங்கள் விஷயத்தில் பெரிய கேள்வி. நான் மருத்துவர் இல்லை. விந்துப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருப்பவன். அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது ஒருவருடைய முகம் எப்படி மாறும் என்று பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 11. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் கீழ் வரம்பு மில்லிக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம். முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் எண்ணிக்கையை வரிசைப்படுத்தி, அதில் கடைசி 5 சதவீதம் தொடங்கும் இடத்தில் கோடு போட்டார்கள். ஆக, கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். உங்கள் 11 குறைவுதான், ஆனால் கதவு மூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அதைவிட முக்கியம், அந்த எண் ஓரிடத்தில் நிற்காது. சாம்பிள் வந்ததும் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைப்போம். குழகுழவென்று இருப்பது நீர்த்த பிறகு ஒரு சொட்டை எடுத்துக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, கட்டம் கட்டமாக எண்ணுவோம். கூடத்தின் தரத்தைச் சரிபார்ப்பதற்காக ஒரே வருடத்தில் மூன்று தடவை நானே சாம்பிள் கொடுத்தேன். மில்லிக்கு 38, 81, 52 மில்லியன் என்று வந்தது. இடையில் ஒரு மருந்தும் சாப்பிடவில்லை. முதல் இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சூரணம் எடுத்திருந்தால், அதனால்தான் இரட்டிப்பானது என்று நான் சத்தியமே செய்திருப்பேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆய்வுகளுக்கு வாருங்கள். எண்ணிக்கை குறைவாக வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணினால், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் சராசரி கொஞ்சம் மேலே ஏறும். முதல் நாள் தற்செயலாகக் கீழே போயிருந்தவர்கள் தங்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். மருந்தால் ஏறியது எவ்வளவு, தானாக ஏறியது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், அதே போன்ற இன்னொரு கூட்டத்துக்கு மருந்து மாதிரியே தோன்றும் வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட வேண்டும்.

லக்னோவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகக் குழு பூனைக்காலி பற்றி 2009இலும் அமுக்கரா பற்றி 2010இலும் வெளியிட்ட ஆய்வுகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டிலும் ஒரே அமைப்பு: குழந்தைப்பேறில் சிக்கல் உள்ள 75 ஆண்கள், ஒப்பிட ஆரோக்கியமான 75 ஆண்கள், தினம் 5 கிராம் பொடி, மூன்று மாதம். எண்ணிக்கை, அசைவு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், அதைச் சுரக்கச் சொல்லும் எல்.எச். ஹார்மோன் எல்லாம் கூடின. எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற வேறு இரண்டு ஹார்மோன்கள் குறைந்தன. பூனைக்காலி விதையில் எல்-டோப்பா என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. அது உடலில் டோப்பமைனாக மாறும், டோப்பமைன் புரோலாக்டினை அடக்கும். ஆகவே அந்தப் பலனுக்கு நம்பத்தகுந்த ஒரு வழி இருக்கிறது, வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆரோக்கியமான 75 பேரும் அளவுகோலுக்காக மட்டுமே நின்றவர்கள். சிக்கல் உள்ளவர்களில் வெறும் மாத்திரை வாங்கிய கூட்டம் என்று ஒன்று இல்லை. நான் மேலே சொன்ன 'தானாக ஏறுவது' இதில் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

2013இல் வந்த ஓர் ஆய்வு அந்த ஓட்டையை அடைத்தது. விந்தணு குறைவான 46 பேர், அதில் 21 பேருக்கு அமுக்கரா வேர்ச்சாறு தினம் 675 மில்லிகிராம், 25 பேருக்கு வெறும் மாத்திரை, 90 நாள். மருந்து எடுத்தவர்களின் சராசரி மில்லிக்கு 9.6 மில்லியனிலிருந்து 25.6 ஆனது, அதாவது 167 சதவீத ஏற்றம். விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது இந்த எண்தான். ஆனால் 2018இல் ஈரானில் 100 பேரை வைத்து, தினம் 5 கிராம் அமுக்கராவைப் பென்டாக்ஸிஃபைலின் என்ற ஆங்கில மருந்தோடு ஒப்பிட்டார்கள். அங்கே அமுக்கரா எடுத்தவர்களின் எண்ணிக்கை ஏறியது 12.5 சதவீதம். அதே வேர், அதே 90 நாள். ஒரு இடத்தில் 167, இன்னொரு இடத்தில் 12.5. சாறும் பொடியும் வேறுதான், ஆட்களும் வேறுதான். இருந்தும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு எண்களைப் பார்க்கும்போது, 21 பேரிடம் கிடைத்த எண்ணை வைத்து வாழ்க்கை முடிவு எடுக்காதீர்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

கருஞ்சீரக எண்ணெய்க்கும் இப்படி ஒன்று உண்டு. 2014, ஈரான், 68 பேர், இரண்டு மாதம், முன்னேற்றம் தெரிந்தது. நெருஞ்சில் கதை வேறு. அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்ற நம்பிக்கையை 2005இல் 21 ஆரோக்கியமான இளைஞர்களிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது கூடினால் விந்தணுவும் கூடும் என்பது தவறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், 'போதும்' என்று மூளை, விரைக்கு உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லிவிடும், விரையில் உற்பத்தி நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் 65 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யம் ஆனது. அதைக் கருத்தடை முறையாகத்தான் சோதித்தார்கள். உடம்பை ஏற்ற ஊசி போட்டுக்கொண்டு, விந்தணுவுக்குச் சூரணமும் சாப்பிட்ட இளைஞர்களின் சாம்பிளை நான் எண்ணியிருக்கிறேன். எண்ண எதுவும் இருக்காது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை, அவை எண்ணுவது விந்தணுவை என்பதுதான். உங்களுக்கு வேண்டியது குழந்தை. ஒன்று ஏறினால் மற்றதும் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. அவை மூலிகை இல்லை. ஆனாலும் சிறிய ஆய்வுகளில் பளபளப்பாகத் தெரிந்து, ஊரெல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டவை. 2020இல் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். உயிருடன் குழந்தை பிறந்தது மருந்துப் பக்கம் 34 சதவீதம், வெறும் மாத்திரைப் பக்கம் 35 சதவீதம். எண்ணிக்கையும் ஏறவில்லை. அமுக்கராவுக்கோ பூனைக்காலிக்கோ இந்த அளவில் ஒரு சோதனை நடந்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை. நன்றாக வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

'மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை' என்றும் நினைக்காதீர்கள். சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்த கிராமங்களில் குழந்தை பிறப்பது குறைந்துபோனதைக் கவனித்துத்தான் காசிப்போல் என்ற பொருளைப் பிடித்தார்கள். 1970களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஆண் கருத்தடை மாத்திரையாகச் சோதித்தார்கள். வேலை செய்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. செடிக்கு விரை வரைக்கும் போகும் சக்தி உண்டு என்றால், அந்தச் சக்தி இரண்டு பக்கமும் வெட்டும். அமுக்கராவாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. அரிதுதான், ஆனால் கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் விந்தணுவுக்கு நேரடி எதிரி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பதினான்கு மாதம் விதவிதமான லேகியமும் சூரணமும் எடுத்துவிட்டு, முதல் தடவையாகப் பரிசோதனைக்கு வந்தார். விந்தின் அளவு ஒரு மில்லிகூட இல்லை. தட்டில் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. சுழலியில் போட்டு அடியில் தங்கியதையும் பார்த்தேன், இல்லை. மருத்துவர் விரல்களால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்: விரையிலிருந்து விந்தணுவைக் கொண்டுவரும் குழாய் அவருக்குப் பிறவியிலேயே இல்லை. உள்ளே உற்பத்தி நன்றாக நடந்துகொண்டிருந்தது, வெளியே வர வழிதான் இல்லை. எந்த வேரும் குழாயைப் புதிதாக முளைக்க வைக்காது. ஊசி மூலம் விரையிலிருந்தே எடுத்து, முட்டைக்குள் செலுத்தினார்கள். அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இதை முதல் மாதமே பார்த்திருக்கலாமா சார்?" பார்த்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மனைவிக்கு 34. மனதில் நிற்க வேண்டிய எண் அதுதான், 11 இல்லை. அதனால் சூரணத்தை விடுவதா தொடர்வதா என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே ஆண்களுக்கான குழந்தையின்மை மருத்துவரிடம் உடல் பரிசோதனைக்குப் போங்கள். வெரிகோசீல், அதாவது விரைக்கு மேலே உள்ள ரத்த நாளங்கள் புடைத்திருப்பது, குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இருக்கும். அது விந்து ரிப்போர்ட்டில் தெரியாது, மருத்துவர் கையால் பரிசோதித்தால் தெரியும். மனைவியின் பரிசோதனையும் அதே சமயத்தில் நடக்கட்டும், ஒருவருக்குப் பின் ஒருவர் என்று காத்திருக்க வேண்டாம். சூரண டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதற்காவது மாத்திரை எடுப்பவராக இருந்தால் இது இன்னும் அவசியம். பூனைக்காலியை இப்போது சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் எது என்ன செய்தது என்று யாருக்கும் புரியாது.

இரண்டாவது விந்துப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். முடிந்தால் அதே கூடத்தில், முதல் தடவை எத்தனை நாள் இடைவெளி விட்டீர்களோ அதே அளவு விட்டு (இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள்). விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் கடந்த மூன்று மாதத்தில் நல்ல காய்ச்சல் ஏதாவது வந்திருந்தால், எந்தத் தேதி என்று படிவத்தில் எழுதிக் கொடுங்கள். எண்ணுகிற எங்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.