இரண்டாம் தவணை ஏன் வரவில்லை?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பத்தமடைப் பாய் நெசவாளர்களின் வாய்மொழி வரலாறு குறித்த ஆய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசின் நிதி நல்கும் அமைப்பு ஒன்று 10 லட்சம் ரூபாய் அனுமதித்தது. இரண்டாண்டுத் திட்டம். முதல் தவணை 4 லட்சம் 2023 டிசம்பரில் வந்தது. ஓராண்டு முடிந்ததும், 2023 டிசம்பர் முதல் 2024 நவம்பர் வரை 4 லட்சமும் செலவானதாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் (யு.சி.) அனுப்பினேன். உண்மையில் செலவானது 3,60,000. பேட்டிகளை எழுத்தாக்க முன்பணம் 25,000 கொடுத்திருக்கிறேன். 15,000 வங்கியில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அனுப்பியது, ஜூலை ஆகியும் இரண்டாம் தவணை வரவில்லை. உதவியாளருக்குச் சம்பளத்தைக் கைக்காசிலிருந்து கொடுக்கிறேன். தில்லியில் கோப்பை நகர்த்தித் தருவதாக ஒருவர் வரும் தவணையில் 10 சதவீதம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 10 சதவீத ஆசாமியின் எண்ணை அழித்துவிடுங்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கோப்பை யாரும் வேண்டுமென்றே அமுக்கி வைத்திருக்கவில்லை. நீங்கள் அனுப்பிய யு.சி. அவர்கள் கணக்கில் உட்காராத யு.சி. அதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றும் பாதிக் கல்லூரிகளில் நடப்பவைதான்.

பெரிய பிழை ஆண்டுக் கணக்கு. உங்களுக்கு ஓராண்டு என்பது திட்டம் தொடங்கிய டிசம்பரிலிருந்து அடுத்த நவம்பர் வரை. அரசுக்கு ஓராண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை மட்டுமே. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் உள்ள 12-ஏ படிவத்தில்தான் யு.சி. கேட்கிறார்கள். அந்தப் படிவம் நிதியாண்டு வாரியாகத்தான் நிரப்பப்பட வேண்டும். மார்ச் 31-ஐத் தாண்டிக் கிடக்கும் பன்னிரண்டு மாதக் கணக்கை எந்த ஆண்டில் சேர்ப்பது என்று அங்குள்ள கணக்குப் பிரிவுக்குத் தெரியாது. தெரியாத காகிதத்தைத் திருப்பி அனுப்பினால் பதில் எழுத வேண்டுமே, அதனால் ஓரமாக வைத்துவிடுவார்கள். ‘ஆண்டு தவறு, திருத்தி அனுப்பவும்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் ஆறேழு மாதம் மிச்சமாகியிருக்கும். போட மாட்டார்கள். ஆனால் அதே சான்றிதழை இணையதளத்தில் ஏற்றச் சொல்வார்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல்வார்கள், மின்னஞ்சலிலும் கேட்பார்கள். மூன்று வழியிலும் போனது மூன்று மேசைகளில் தனித்தனியாகக் கிடக்கும்.

ஆக, ஒரு சான்றிதழுக்குப் பதில் இரண்டு தேவை: 2023–24-க்கு ஒன்று, 2024–25-க்கு ஒன்று. வங்கிப் புத்தகத்தையும் வவுச்சர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு 2024 மார்ச் 31-இல் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பிரியுங்கள். உதாரணத்துக்கு மேலே 90,000, கீழே 2,70,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆண்டு என்பதைப் பணம் கொடுத்த தேதிதான் தீர்மானிக்கும், பில்லில் உள்ள தேதி தீர்மானிக்காது. மார்ச் 28 பில்லுக்கு ஏப்ரல் 4-இல் பணம் போயிருந்தால் அது அடுத்த ஆண்டுச் செலவு.

இரண்டாவது பிழை, முன்பணத்தையும் மீதியையும் செலவில் சேர்த்தது. முழுப் பணமும் தீர்ந்தால்தான் அடுத்த தவணை வரும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சுதான் நேர்மையான ஆசிரியர்களைக்கூடப் பொய்க் கணக்கு எழுத வைக்கிறது. குறிப்பிட்ட சதவீதம் செலவாகியிருக்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை இருக்கலாம், அதைப் பாருங்கள். ஆனால் மீதி இருப்பது குற்றமில்லை. 12-ஏ படிவத்திலேயே ‘ஆண்டிறுதி நிலை’ என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் கையிருப்பு, வங்கி இருப்பு ஒரு வரி. ‘நேர்செய்யப்படாத முன்பணம்’ அடுத்த வரி. முன்பணத்துக்கென்றே வரி ஒதுக்கியிருக்கும்போது அதைச் செலவில் போடுவானேன்?

இதில் ஒரு விலக்கு உண்டு. இங்கேதான் ஆடிட்டர்களே தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்கூட்டிக் கொடுத்த பணமெல்லாம் முன்பணம் ஆகிவிடாது. பேட்டிகளைப் பதிவிட ஒரு மென்பொருளுக்கு ஓராண்டு உரிமம் வாங்குகிறீர்கள். பிப்ரவரியில் முழுத் தொகையும் கட்டிவிட்டீர்கள், பயன்பாடு அடுத்த ஜனவரி வரை ஓடும். இது செலவுதான், கட்டிய ஆண்டின் செலவு. ஏனென்றால் விற்றவர் வரி விலைப்பட்டியல் கொடுத்துவிட்டார், ரசீது கொடுத்துவிட்டார், அவரோடு நமக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இதழ் சந்தா, தரவுத்தளக் கட்டணம் இரண்டும் இதே வகை. ஆனால் அதே விற்பனையாளர் கொடுத்தது புரோஃபார்மா விலைப்பட்டியலாக இருந்தால் அது பில்லே இல்லை, ‘இவ்வளவு ஆகும்’ என்று சொல்லும் சீட்டு. அதை வைத்துக் கட்டிய பணம், உண்மையான பில் வரும்வரை முன்பணம்தான். காகிதத்தின் தலைப்பை ஒருமுறை படித்தால் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். யாரும் படிப்பதில்லை. உங்கள் எழுத்தாக்க முன்பணம் 25,000-க்கு வேலையும் முடியவில்லை, பில்லும் வரவில்லை. அது முன்பணமேதான். வேலை முடிந்து பில் வரும் நாளில், அதாவது 2025–26-இல், செலவில் ஏறட்டும். பழைய தேதி போட்டு பில் வாங்காதீர்கள்.

மூன்றாவது வட்டி. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. நாலு லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் வங்கி சும்மாவா இருக்கும்? முதல் நிதியாண்டில் 2,900, அடுத்ததில் 4,700 வரவானதாக வைத்துக்கொள்வோம். இந்த 7,600 உங்களுடையதும் இல்லை, கல்லூரியுடையதும் இல்லை. வட்டியைத் திட்டத்தின் கூடுதல் நிதியாகக் கொண்டு அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. பல கல்லூரி அலுவலகங்களில் இன்னும் அதையே சொல்வார்கள். 2017 பொது நிதி விதிகளின் 230(8)-ஆம் விதி அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது: வட்டியை மத்திய அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதியில் கட்டியாக வேண்டும், அடுத்த தவணையில் சரிக்கட்ட முடியாது. மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டலாம். எந்த அமைச்சகம், எந்தக் கணக்குத் தலைப்பு என்பதை நிதி தந்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். தவறான அமைச்சகத்துக்குக் கட்டிய 7,600-ஐத் திரும்பப் பெறுவதற்கு இன்னொரு திட்டம் போட வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கு இப்படி வரும். 2023–24: வரவு 4,00,000, வட்டி 2,900, செலவு 90,000, மீதி 3,12,900. 2024–25: தொடக்க இருப்பு 3,12,900, வட்டி 4,700, செலவு 2,70,000, மீதி 47,600. அந்த 47,600-இல் வங்கியில் 22,600 (நீங்கள் சொன்ன 15,000-உடன் வட்டி 7,600), நேர்செய்யப்படாத முன்பணம் 25,000. வட்டியை இந்த ஜூலையில் கட்டினால் ‘திருப்பிச் செலுத்திய வட்டி’ என்ற கட்டத்தில் அது 2025–26 சான்றிதழில்தான் வரும். பழைய சான்றிதழ்களில் அந்தக் கட்டம் பூஜ்யமாகவே இருக்கட்டும், சலானின் நகலை மட்டும் இணைத்துவிடுங்கள். நீங்கள் ஜனவரியில் அனுப்பிய சான்றிதழ் மீதி பூஜ்யம் என்கிறது. வங்கிப் புத்தகம் 22,600 என்கிறது. இதைப் பார்க்கிற எந்தக் கணக்கரும் பணம் விடுவிக்க மாட்டார்.

சான்றிதழோடு போகும் செலவு அறிக்கையில் செலவு இனங்களின் பெயர்களை அனுமதிக் கடிதத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அங்கே ‘களப்பணி’ என்றிருந்தால் நீங்கள் ‘பயணம்’ என்று எழுதக் கூடாது. படிவத்தின் பின்னிணைப்பில் பணத்தால் விளைந்த பயனைக் கேட்பார்கள். எத்தனை பேட்டிகள், எத்தனை மணி நேரப் பதிவு, எத்தனை பக்கம் எழுத்தாக்கம் என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். காலியாக விட்டால் அதற்கொரு முறை திரும்பி வரும். மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருந்தால் கல்லூரி ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, பக்க எண்ணைப் பில்லின் மேலேயே எழுதுங்கள்.

12-ஏ படிவத்தில் இரண்டு கையொப்பம் உண்டு, நிதிப் பொறுப்பாளருடையதும் நிறுவனத் தலைவருடையதும். உங்கள் கல்லூரியில் பர்சாரும் முதல்வரும். ஆய்வாளர் கையொப்பம் மட்டும் போட்டு அனுப்பினால் செல்லாது. ஆடிட்டர் சான்றளித்தால் அதில் யு.டி.ஐ.என். எனப்படும், அந்த ஆவணத்துக்கே உரிய 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து பட்டயக் கணக்காளர் தரும் சான்றிதழ்களுக்கு அது கட்டாயம். முகப்புக் கடிதத்தில் ‘ஜனவரியில் அனுப்பிய சான்றிதழைத் திரும்பப் பெறுகிறோம், அதற்குப் பதிலாக இவற்றைக் கொள்ளவும்’ என்று தெளிவாக எழுதுங்கள். பழைய சான்றிதழில் யு.டி.ஐ.என். இருந்தால் அதை ரத்து செய்ய முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு கணக்கு ஊர்வலம் போகும்.

இனி அந்த ஆசாமி. அவர் என்ன செய்வார் தெரியுமா? இதே மூன்று பிழைகளைத்தான் திருத்துவார். அதற்கு உங்களிடம் பத்து சதவீதம். அது எந்த இனத்தில் போகும்? உங்கள் பட்ஜெட்டில் ‘தரகு’ என்று இனம் இல்லை. எனவே ‘களப்பணி’யில் போலி ரசீது. டாக்ஸி நிறுவனத்தின் லெட்டர்பேடும் அச்சகத்தின் பில் புத்தகமும் அவரே வைத்திருப்பார். கேள்வித்தாள் ஆய்வென்றால் நிரப்பிய 600 படிவங்களைக்கூடக் கட்டாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அவர் கொண்டுவரும் ஆடிட்டர் சான்றிதழின் எண்ணை, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் யு.டி.ஐ.என். தளத்தில் இட்டுப் பாருங்கள். அங்கே வரும் விவரம் கையில் உள்ள காகிதத்தோடு பொருந்தவில்லை என்றால் முத்திரை ரப்பர் கடையில் செய்தது. நிதி பெற்ற நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யத் தலைமைக் கணக்குத் தணிக்கையருக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் வந்து நிற்கும் நாளில் இந்த ஆள் இருக்க மாட்டார். கையொப்பம் உங்களுடையதும் உங்கள் முதல்வருடையதும்.

இதே கூட்டம்தான் திட்டத்துக்காக இரண்டு கட்டுரை வெளியிட்டுத் தருவதாகவும் வரும். ‘யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்பார்கள், அதாவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல். அந்தப் பட்டியல் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியிலேயே யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இல்லாத பட்டியலுக்குப் பல ஆயிரம் கேட்கிறார்கள்.

கோப்பு எங்கே என்று தெரிய வேண்டுமா? பத்து ரூபாய் போதும். திருத்திய சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் பொறுங்கள். ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், அது கருத்து கேட்பது, தட்டிக்கழித்துவிடுவார்கள். ‘இன்ன எண் கோப்பு எந்தெந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பதிலுக்கு முன் தொலைபேசி அழைப்பு வரும். ஆறேழு மாதமாக எடுக்காத அதே தொலைபேசி.

உதவியாளர் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை இந்த மாதமே நிறுத்துங்கள். கொடுத்தது போனதாகவே ஆகிவிடக்கூடும். வழி இது: முதல்வரிடம் எழுதிக் கொடுத்து, கல்லூரி நிதியிலிருந்து திட்டத்துக்குத் தற்காலிகக் கடனாக வாங்கி, உதவியாளரின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். வருகைப் பதிவேடு மாதாமாதம் கையொப்பத்தோடு இருக்கட்டும். இரண்டாம் தவணை வந்ததும் ஈடுகட்ட அனுமதி கேட்டு இப்போதே எழுதிவிடுங்கள். சில அமைப்புகள் ஒப்புக்கொள்ளும், சில ‘விடுவித்த தொகைக்கு மேல் செய்த செலவு உங்கள் பொறுப்பு’ என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து அறை இயற்பியல் பேராசிரியர், விலைப்புள்ளி கேட்காமலே 2 லட்சம் வரை வாங்கலாம் என்று சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றாதீர்கள். 2025 ஜூனில் தந்த அந்தத் தளர்வு அறிவியல் ஆராய்ச்சிக்கான கருவிகளுக்கும் பொருள்களுக்கும். பாய் நெசவாளர் வரலாற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒலிப்பதிவுக் கருவி வாங்க அவசரம் அறிவியலாருக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

உங்கள் திட்டம் இந்த நவம்பரோடு முடிகிறது. தவணை அக்டோபரில் வந்தாலும் இரண்டு மாதத்தில் அந்தத் தொகையை நேர்மையாகச் செலவழிக்க முடியாது. எனவே கூடுதல் நிதி கேட்காத கால நீட்டிப்புக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். முடியும் தேதி கடந்து ஒரு நாள் ஆனாலும் வாங்குவது கடினம். காரணமாகத் தவணை வராததை எழுதுங்கள், முதல் தவணை வந்த தேதியையும் யு.சி. அனுப்பிய தேதிகளையும் அருகருகே குறிப்பிடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.