வாசகர் கேள்விகள்: யூரியா, சோலார், சிமெண்ட், இன்னும் சில

யூரியா நிலக்கரியிலிருந்து வருவதாகச் சொல்கிறார்களே, உண்மையா? ஏக்கருக்கு ரெண்டு போடலாமா? – குறிஞ்சிப்பாடி

நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியை வைத்து யூரியா தயாரித்தார்கள்; அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இப்போது நம் நாட்டில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுதான். அதிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து நைட்ரஜன், சேர்த்தால் அம்மோனியா, அப்புறம் யூரியா. 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் சுமார் 21 கிலோ. சரி, ‘ரெண்டு’ என்றால் மூட்டையா, கிலோவா? என்ன பயிர்? எண் எழுதினால் அலகும் எழுதுங்கள்.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோவாட் வரும்? – நெல்லிக்குப்பம்

எத்தனை தடவை எழுதுவது! கிலோவாட் என்பது மின்சாரம் வரும் வேகம்; யூனிட் என்பது வந்த மொத்த அளவு, ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நீங்கள் கேட்க வந்தது யூனிட். நம் கடற்கரைப் பக்கம் கிலோவாட்டுக்கு 4 யூனிட் வைத்தால் 12 வரும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும்.

குழப்பம் உங்கள் மாடியோடு நின்றால் பரவாயில்லை. 1,000 மெகாவாட் அனல் நிலையத்தை மூடிவிட்டு 1,000 மெகாவாட் சோலார் வைத்தால் போதும் என்று மேடையில் பேசுகிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். அனல் நிலையம் இரவு பகலாக ஓடி நாளுக்கு 2 கோடி யூனிட் தரும். அதே மெகாவாட் சோலார் 45 லட்சம் தரும். அதுவும் பகலில் மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு ஃபேனும் டிவியும் ஓடும்போது பூஜ்யம். சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நாலரை மடங்கு போடுங்கள், பேட்டரி வையுங்கள். சோலாருக்கு வேண்டிய கண்ணாடி, அலுமினியம், செம்பு எல்லாம் எங்கோ ஓர் உலையில் உருகித்தான் வரவேண்டும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். கம்பத்தையும் மறக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் பல்லாயிரம் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, நெய்வேலியை மடியில் வைத்திருக்கும் கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

சிமெண்ட் சூளைக்கு 1,500 சூடு வேண்டுமாம். ஆலையைச் சோலாரில் ஓட்டினால் கார்பன் டை ஆக்சைடு வராதுதானே? – வில்லியனூர்

வரும். சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லுக்குள் இருப்பதே வெளியேறுகிறது. மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான். மிச்சத்தில் பெரும்பகுதி, சூளையை 1,450 டிகிரிக்குக் கொண்டுபோகும் எரிபொருளின் பங்கு. டிகிரி என்றால் செல்சியஸ். நீங்கள் அலகே போடாமல் ‘1,500 சூடு’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பழைய இரும்பை எத்தனை முறை உருக்கலாம்? – பண்ருட்டி

கணக்கே இல்லை. தாதுவிலிருந்து எடுப்பதைவிட சக்திச் செலவும் பாதிக்குக் கீழே. செம்பு கலந்துவிடாமல் பிரித்துப் போடவேண்டும்.

பிளாஸ்டிக்கையே ஒழித்துவிட்டால் என்ன? – கடலூர் முதுநகர்

துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். வலை நைலான், படகு ஃபைபர், ஐஸ் பெட்டியும் பிளாஸ்டிக். கேரி பேக்கை ஒழியுங்கள், நானும் வருகிறேன்.