சக்கர நாற்காலியோடு கடலோரம்

கேள்வி: முழங்கால் முடியாத அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடலோரக் கிராமப் பாதைகளுக்குக் கூட்டிப் போக ஆசை. நானும் என் மகனும் சைக்கிளில் வருவோம். எப்படிப்பட்ட பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: பழைய ரயில் தடத்தைப் பாதையாக மாற்றியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அங்கே ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்றால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது. 12-க்கு 1 என்றால் சிறிது தூரத்திலேயே கை வலிக்கும்.

வரைபடம் சொல்லாத ஒன்று, பாதையின் நுழைவாயில். பைக் நுழையாதிருக்க நெருக்கமாகக் கம்பம் நட்டிருப்பார்கள். நாற்காலியும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். (நட்டவர்களை ஒரு நாள் அதில் உட்கார வைக்க வேண்டும்!) முந்தின நாளே மகனை அனுப்பி, நாற்காலியின் அகலத்தோடு இடைவெளியை அளந்து வரச் சொல்லுங்கள். எதிரே இன்னொரு நாற்காலி வந்தால் விலக, பாதை 1.8 மீட்டராவது வேண்டும். தளம் தாராகவோ இறுகிய சரளையாகவோ இருக்கட்டும். மணலில் முன்சக்கரம் புதைந்துவிடும்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும். உள்ளே போய்விட்டு மதியத்துக்கு மேல் கரைக்குத் திரும்பினால் எதிர்காற்றுதான். அலையேற்றத்தில் மூழ்கும் பாதையா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீடு வந்ததும் சைக்கிளையும் நாற்காலியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு சும்மா விடாது.