சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) டிஸ்டார்ஷனை (அலையின் உச்சிகளை வெட்டிக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) ஏற்றினால் பேஸ் மெலிந்துவிடுகிறதே, ஏன்?

எனக்கும் நெடுநாள் இருந்த தலைவலி இது. பேஸின் அடி எங்கேயும் போய்விடுவதில்லை. 55 ஹெர்ட்ஸ் சைன் அலையை மேலும் கீழும் சமமாக வெட்டினால் 165, 275, 385 என்று 3, 5, 7 மடங்கில் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் முளைக்கும். காதில் அவைதான் உரக்க விழும். சத்தம் கூடிவிட்டதே என்று லெவலைக் குறைப்போம், கூடவே 55 ஹெர்ட்ஸும் இறங்கிவிடும்.

அதனால் ஒரே நோட்டை இரண்டு பேடில் (சாம்ப்ளரில் தட்டும் பட்டன்) வையுங்கள். ஒன்றில் வெறும் சைன், மோனோவில். அதன்மேல் எந்த எஃபெக்டும் வேண்டாம். இன்னொன்றில் ஹார்மோனிக்ஸ் நிறைந்த சா-டூத் அலை. வேலையெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

முதலில் மேல் ஒலிகளைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டர், அதற்குப் பிறகு டிஸ்டார்ஷன். இந்த வரிசை ரொம்ப முக்கியம். ரெசொனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தருகே ஒலியை உயர்த்துவது) நன்றாக ஏற்றி, கட்-ஆஃபை (அந்த வெட்டும் இடத்தை) 300-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள். ரெசொனன்ஸ் எந்த ஹார்மோனிக்மேல் உட்காருகிறதோ, அதை டிஸ்டார்ஷன் பிடித்துக்கொள்ளும். பேஸ் 'ஊ'விலிருந்து 'ஓ', அப்புறம் 'ஆ' என்று வாய் திறப்பது போலக் கேட்கும். ஃபில்டரைப் பின்னால் மட்டும் வைத்தால் இந்த உயிர் வராது. திருப்பும்போதே ரீசாம்ப்ள் செய்துவிடுங்கள், அதாவது வரும் ஒலியைப் புதிதாகப் பதிந்துவிடுங்கள். பிடித்த ஒரு விநாடியை வெட்டி எடுத்து, மறுபடி அதே வழியில் விடலாம். இரண்டு மூன்று சுற்றுக்குமேல் போனால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

கடைசியில் இந்த இரண்டாவதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸில் வெட்டிவிடுங்கள், மேலே கரகரப்பு உறுத்தினால் அங்கேயும் கொஞ்சம்.

உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரில்தான் பலரும் தவறுகிறார்கள். 55 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கே சுமார் 18 மில்லிசெகண்ட் ஆகும். அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 1, ரிலீஸ் (விடும் நேரம்) 10 மில்லிசெகண்ட் என்று வைத்தால், கம்ப்ரஸர் நோட்டின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையையே துரத்தும். நீங்கள் கேட்காத இன்னொரு டிஸ்டார்ஷன் சேர்ந்துவிடும். அட்டாக் 30, ரிலீஸ் 150 என்று தொடங்குங்கள், நோட்டின் முதல் குத்து தப்பிக்கும்.

சரி, இப்போது இரண்டு பேடையும் சேர்த்து அடியுங்கள். சைன் தனியாக ஒலித்ததைவிட அடி மெலிந்தால் ஃபேஸ் மோதுகிறது, அதாவது ஒரு அலை ஏறும்போது மற்றது இறங்கி ஒன்றையொன்று குறைக்கிறது. இரண்டாவதின் பொலாரிட்டியைத் (அலையை மேல் கீழாக) திருப்புங்கள், இல்லையென்றால் அதன் தொடக்கப் புள்ளியைச் சில மில்லிசெகண்ட் நகர்த்துங்கள்.